தலையில் பட்ட அடியும் நின்றுபோன மாதவிடாயும்

2022 ஜூலை முதல் வாரத்தில், மும்பையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை, செம்பூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் இறங்கும்போது கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். சிஎஸ்எம்டி செல்லும் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் சாப்பாட்டுப் பையும் இருந்ததால், கைப்பிடியைப் பற்றக் கை மிச்சமில்லை. பின்மண்டை படியின் விளிம்பில் மோதியது என்பதையும், லேடீஸ் டப்பாவில், அதாவது ரயிலின் மகளிர் பெட்டியில், தினமும் உடன்வரும் இரண்டு பெண்கள்தாம் என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள் என்பதையும் பிறர் சொல்லித்தான் அறிவேன். அன்று காலை காப்பி குடித்ததற்கும் மறுநாள் மாலைக்கும் இடைப்பட்ட நேரம் என் நினைவில் இன்றுவரை இல்லை. அப்போது எனக்கு வயது 41. கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. வீட்டில் கணவர், பதின்மூன்று வயது மகள், திருநெல்வேலியிலிருந்து எங்களோடு வந்து தங்கிவிட்ட மாமியார்.

அடி பட்டது பின்புறத்தில் என்றாலும் காயம் அதிகமாக இருந்தது முன்புறத்தில். மண்டையோடு சட்டென்று நிற்கும்போது உள்ளே இருக்கும் மூளை ஆடி எதிர்ப்பக்கத்து எலும்பில் உரசும் என்பதால், மல்லாந்து விழுபவர்களுக்கு முன்மூளையின் அடிப்பகுதி கன்றிப்போவது வழக்கம் என்று மருத்துவர் கணவரிடம் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் ஒருமுறை வலிப்பு வந்ததால் அதற்கான மாத்திரை தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மைல்ட்' என்று எழுதியிருந்தது. எங்கள் குடும்பம் முழுவதும் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. கண் திறப்பது, பேசுவது, சொன்னபடி கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவையில் 13 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார்கள் என்பதும், மருத்துவமனைக்கு வந்த நேரத்தில் ஒருவர் எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்பதற்கு மேல் அந்த மதிப்பெண் அதிகம் சொல்லாது என்பதும் எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் புரிந்தன.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் விழுந்த கதை அன்று. விழுந்ததற்குப் பிறகு என் உடம்பில் நடந்த மாற்றங்களை, நான் உட்பட அனைவரும், வயது என்றும் டென்ஷன் என்றும் சோம்பல் என்றும் பெயர் வைத்து எட்டு மாதங்கள் கடத்தினோம். மூளையையும் கருப்பையையும் இணைத்து ஒரு கேள்வியை யாராவது முதல் மாதத்திலேயே கேட்டிருந்தால், பிப்ரவரியில் நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்க மாட்டேன். அந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெண்ணுக்காக நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

"வீட்டில் நன்றாக ஓய்வெடுங்கள்" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அலுவலகம் போகும் ஆணுக்கு வீடு ஓய்வுக்கான இடமாக இருக்கலாம். எனக்கு அது இன்னொரு பணியிடம். 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்காகச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் செலவிடுவது 97 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. எனக்கு ஓய்வு என்றால் இந்த ஐந்து மணி நேரத்தை யார் எடுத்துக்கொள்வது என்று மருத்துவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. கணவருக்குக் காலை ஏழரைக்குப் புறப்படும் வேலை. ஆகவே பத்தாம் நாளே நான் குக்கர் வைத்தேன். குக்கர் விசில் அடித்த கணம் தலைக்குள் ஆணி இறங்கியதுபோல் இருந்ததும், அடுப்படியிலேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அழுததும் நினைவிருக்கிறது.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்கவும் கூடாது. முதல் இரண்டு நாள் நன்றாக ஓய்ந்திருந்து, பிறகு தலைவலி கூடாத அளவுக்குச் சிறிது சிறிதாக நடையும் வேலையும் கூட்டுவதே இப்போதைய முறை. நான் செய்த தவறு, தெம்பாக உணர்ந்த நாளில் ஒரு வாரத்து வேலையையும் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடந்தது. முன்பு நாங்கள் குடியிருந்த சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் மும்பையின் பழைய குடியிருப்பு) காலையில் ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். பிடித்து வைத்த பீப்பாய் காலியானால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான், யாரைத் திட்டியும் பயனில்லை. என் மூளையின் தெம்பும் அப்படித்தான் என்று மாமியாரிடம் சொன்னபோது, அந்தச் சாலில் ஓராண்டு எங்களோடு இருந்தவர் என்பதால், உடனே விளங்கிக்கொண்டார். அன்றிலிருந்து, "எம்மா, இன்னிக்குப் பீப்பாய்ல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் எதையும் செய்யச் சொல்வார். காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தூங்காமல் கண்ணை மூடி இருபது நிமிடம் படுப்பது, காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்வது, ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் எந்த மாத்திரையையும்விட எனக்கு அதிகம் உதவின. வேலைக்கு வரும் பாயிக்குக் கூடுதலாக மாதம் இரண்டாயிரம் கொடுத்துச் சப்பாத்தியும் போடச் சொன்னோம். அதை ஆடம்பரம் என்று நினைத்து முதல் இரண்டு மாதம் தள்ளிப்போட்டது வீண்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று விநாயகர் சதுர்த்தி. விழுந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. மும்பையில் அந்தப் பத்து நாட்களும் தெருவில் டோல் தாஷா மேளம் எப்படி முழங்கும் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்திலேயே விநாயகரை வைத்துக் கொண்டாடும் மண்டல் இருந்தது. மகளின் நீச்சல் குளத்துக் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். விசர்ஜனத்துக்கு முன்தினமே டோம்பிவிலியில் இருக்கும் என் அக்கா வந்து அழைத்துப்போனாள். அங்கேயும் முழங்கியது, ஆனால் ஏழாவது மாடி.

மோப்பம் போய்விட்டதை நான் உணரவே ஒரு மாதம் ஆனது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக ஏறுகின்றன. பின்மண்டையில் விழும் அடியில் மூளை நகரும்போது அந்த இழைகள் அறுந்துபோகலாம். சமைக்கிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று மருத்துவமனைக் குறிப்பில் ஒரு வரி கூட இல்லை. ரசத்தில் பெருங்காயம் இருமுறை போட்டேன். பால் திரிந்தது தெரியாமல் மகளுக்குக் கொடுத்தேன். ஒருநாள் மாமியார் சாமி அறையிலிருந்து ஓடிவந்து அடுப்பை மூடினார். பற்றாத அடுப்பிலிருந்து கேஸ் வெளியேறிக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேஸுக்கு இயல்பாக வாசனை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள், அந்த நாற்றமே எட்டாத மூக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அன்று மாலையே கேஸ் கசிந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினோம். எங்கள் வீட்டுக்கு வருவது குழாய் கேஸ். அது காற்றைவிட லேசானது என்பதால் கருவி கூரையை ஒட்டி இருக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் கனமானது, அதற்குத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இதில் பெண்களுக்கே உரிய இன்னொரு சங்கடம் இருக்கிறது. தன் வியர்வையின், தன் உடையின் வாசனை தனக்கே தெரியாதபோது, நெரிசலான ரயிலில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பினால்கூட நம்மால்தானோ என்ற எண்ணம் வரும். நான் ஒரு நாளைக்கு மூன்றுமுறை குளித்தேன். கடைசியில் மகளிடம், "நீ எனக்கு மூக்கு, சரியா?" என்று கேட்டுக்கொண்டேன், அவள் வெளிப்படையாகச் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அந்தப் பதற்றம் அடங்கியது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பழகும் மோப்பப் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தேன். தலைக்காயத்தால் போன மோப்பம் முழுதாகத் திரும்புவது குறைவு. எனக்குக் கிராம்பு திரும்பியது. காப்பியும் திரும்பியது, ஆனால் எரிந்த ரப்பர் வாடையாக. மாட்டுங்காவில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடைகள் இருக்கும் பக்கம் இப்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

இனி மையமான செய்திக்கு வருகிறேன். ஜூன் மாதம் வந்த மாதவிடாய்தான் கடைசி. ஜூலையில் வராதபோது மருத்துவமனை அதிர்ச்சி என்று நினைத்தேன். ஆகஸ்டில் வராதபோது கர்ப்பப் பரிசோதனை செய்து பார்த்தேன். செப்டம்பருக்குப் பிறகு, உண்மையைச் சொன்னால், ஒரு தொல்லை விட்டது என்று நிம்மதியாகவே இருந்தேன். நவம்பரில் அரை நாள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது உடம்பு ஒத்துழைக்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருண்டது. உப்பு நெல்லிக்காய், ஊறுகாய் என்று உப்பாகவே தேடினேன். கக்கத்து முடி குறைந்தது, தோல் வறண்டது. தாம்பத்திய உறவில் விருப்பம் என்பது அறவே இல்லாமல் போனதோடு, வறட்சியால் வலியும் இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்ததைவிட, கேட்க எந்த மருத்துவருக்கும் தோன்றவில்லை என்பதே இன்று எனக்கு வியப்பாக இருக்கிறது. கணவர் தன்னை வெறுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தார் என்பதைப் பின்னால்தான் சொன்னார்.

எங்கள் பகுதியில் ஒரு மருத்துவர் தைராய்டு சோதனையாக டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்து, அளவு சரியாக இருப்பதால், "நாற்பது தாண்டிவிட்டது, மெனோபாஸ் ஆரம்பம், கொஞ்சம் டென்ஷனும் இருக்கிறது" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். புதிதாக எடுத்த சிடி ஸ்கேனிலும் கன்றல் ஆறியிருந்தது, 'நார்மல்'. ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டால் வீட்டில் ஒரு நோயாளிக்கு இருந்த அனுதாபம் முடிந்துவிடுகிறது; அதற்குப் பிறகு படுத்திருப்பது சோம்பல் ஆகிவிடுகிறது.

2023 பிப்ரவரியில் சாதாரணக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தேன். இரத்த அழுத்தம் 80-க்குக் கீழே, சோடியம் மிகக் குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபோது, மாதவிடாய் பற்றிக் கேட்பதற்காக அழைக்கப்பட்ட மகளிர் மருத்துவர்தான் எட்டு மாதமாக நின்றிருக்கிறது என்று கேட்டதும், "அதற்கு முன்னால் தலையில் ஏதாவது அடி பட்டதா?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்த முதல் மனிதர் அவர்.

மூளையின் அடியில், சேணம் போன்ற ஒரு எலும்புக் குழிக்குள், பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருப்பது பிட்யூட்டரி சுரப்பி. ஒரு மெல்லிய காம்புதான் அதை மூளையோடு இணைக்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் பெரும்பாலும் அந்தக் காம்பு வழியாகவே வருகின்றன. தலை குலுங்கும்போது அந்தக் காம்பு இழுபட்டால் சுரப்பி சேதமடையும். வழக்கமான ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். கருமுட்டைப் பை, தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஆகிய மூன்றுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. உத்தரவு நின்றால் மாதவிடாய் நிற்கும், களைப்பு வரும், காய்ச்சல் போன்ற நெருக்கடியில் உடம்பைத் தாங்கும் கார்டிசால் சுரக்காது. தலைக்காயங்களுக்குப் பிறகு நான்கில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு பிட்யூட்டரிக் குறைபாடு காணப்படுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு கூறியது. என்னைப் போல 'மைல்ட்' என்று எழுதப்பட்டு ஸ்கேனில் கன்றல் இருந்தவர்களுக்கும் இது வரலாம்.

எங்களுக்கு மிக அதிக விலையில் கிடைத்த பாடம் இரத்தப் பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது என்பதுதான். மெனோபாஸ் என்றால் கருமுட்டைப் பை ஓய்ந்துவிட்டது, பிட்யூட்டரி அதை எழுப்ப முயன்றுகொண்டே இருக்கும். அதனால் பிட்யூட்டரி அதற்கு அனுப்பும் உத்தரவான எஃப்எஸ்ஹெச் அளவு மிகவும் உயர்ந்திருக்க வேண்டும். எனக்குக் கருமுட்டைப் பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடியாலும் குறைவு, எஃப்எஸ்ஹெச்சும் குறைவு. கீழே வீடு இருண்டிருப்பதற்குக் காரணம் விளக்கு அன்று, மின்சாரமே வரவில்லை என்று அர்த்தம். அதேபோல, பிட்யூட்டரி பழுதானால், தைராய்டுக்கு அது அனுப்பும் உத்தரவான டிஎஸ்ஹெச் 'நார்மல்' என்றே காட்டக்கூடும். அதனுடன் தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்த்தால்தான் தைராய்டு குறைவது வெளிப்படும். கார்டிசாலைக் காலை எட்டு மணி அளவில் எடுத்த இரத்தத்தில் பார்க்க வேண்டும். எனக்கு அது 3-க்கும் கீழே, மிகக் குறைவாக இருந்தது. பிட்யூட்டரியின் நிலையைக் காட்டும் புரோலாக்டின், ஐஜிஎஃப்-1 ஆகிய சோதனைகளையும் சேர்த்து எழுதினார்கள். தைராய்டும் கார்டிசாலும் இரண்டும் குறைந்திருக்கும்போது கார்டிசாலைத்தான் முதலில் கொடுக்க வேண்டும், தைராய்டு மாத்திரையை முந்திக் கொடுத்தால் உடம்பு நெருக்கடிக்குள் போய்விடும் என்று ஹார்மோன் மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்ட் சொன்னபோது, பக்கத்துக் கடையில் தைராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று ஜனவரியில் நான் நினைத்திருந்தது ஞாபகம் வந்து வயிறு கலங்கியது.

கார்டிசாலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் தொடங்கிய நான்காம் நாள், நானே எழுந்து நடந்துபோய்ப் பல் துலக்கினேன். அதைக் கண்ட கணவர் கதவோரம் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் காலை எழுந்ததும் 10 மில்லிகிராம், பிற்பகல் 5 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறேன். இது என் உடம்புக்கு எழுதிய அளவு, பிறர் பின்பற்றுவதற்கில்லை. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும். எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்தக் கூடாது. இதனால் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருக்கும் வழக்கத்தை விட்டேன். செட்டா நகர் முருகன் கோயிலின் படிகளை நிற்காமல் ஏறிவிட்டு வருவதே என் விரதம் என்று மாமியாரிடம் சொன்னேன்; அவர் முகத்தைச் சுளித்தாலும் தடுக்கவில்லை.

மாதவிடாய்க்குச் சில மாதங்கள் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் நீண்ட நாள் போனால் எலும்பு தேயும் என்பதால், வராவிட்டால் வராமலே போகட்டும் என்ற என் பழைய நிம்மதி அறியாமை என்று அப்போதுதான் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், படுத்த படுக்கையாக இருந்தவர்களும் காலில் இரத்தக்கட்டு வந்தவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிட்யூட்டரி முதல் ஓராண்டில் தானாகவே ஓரளவு மீள்வதும் உண்டு. அதற்காகவே சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். என் மாதவிடாய் 2023 செப்டம்பரில் மாத்திரை இல்லாமலே வந்தது. இளம்பெண்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: மாதவிடாய் வருவதற்கு முன்னதாகவே கருமுட்டை வெளிவரும், ஆகவே நின்றிருக்கிறது என்ற தைரியத்தில் கருத்தடையை விட்டுவிடக் கூடாது.

வலிப்பு மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்தது லெவெடிராசிடாம். பலருக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும் அந்த மாத்திரை சிலருக்குக் கடுங்கோபத்தைக் கொண்டுவரும். நான் மகளின் ஜாமெட்ரி பாக்ஸைச் சுவரில் எறிந்தேன். முன்மூளைக் காயமும் கோபத்தைக் கிளப்பும், மாதவிடாய்க்கு முந்திய வாரமும் கிளப்பும். எது எதனால் என்று பிரித்தறிய நான் வைத்திருந்த குறிப்பேடுதான் உதவியது. மருத்துவர் வேறு மாத்திரைக்குப் படிப்படியாக மாற்றினார். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள், எழுதிக்கொடுத்திருப்பது வால்ப்ரோயேட்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் அதை உட்கொண்டால் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை ஏற்படும், மன வளர்ச்சிப் பாதிப்பு அதைவிட அதிகம். ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்றவை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். ஆனால் எந்த வலிப்பு மாத்திரையையும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிட ஆபத்து.

அந்தக் குறிப்பேடு ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. தேதி, தூக்கம், தலைவலி பத்துக்கு எத்தனை, மாதவிடாய் நாள், அன்று செய்த பெரிய வேலை ஒன்று என்று ஒரு நாளைக்கு ஒரு வரி. நினைவு தடுமாறுபவருக்கு மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும். 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். மாதவிடாய் திரும்பிய பிறகு, அதற்கு முந்திய நான்கு நாட்களில் தலைவலியும் தடுமாற்றமும் கூடுவதை அந்த வரிகளில்தான் கண்டேன். இப்போது அந்த நாட்களில் அலுவலகத்தில் வரிக் கணக்கை முடிக்கும் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. நாப்கின் மாற்ற மறந்துபோனதால் அலுவலகத்தில் ஒருமுறை அவமானப்பட்டேன். அதற்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கைபேசியில் அலாரம் ஒலிக்கிறது.

மருத்துவமனை வரிசையில் பழக்கமான ஒரு தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய பத்தொன்பது வயது மகள், பைக்கின் பின்னால் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்து போகையில் விழுந்தவள். மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது 2022 ஜூனில். இவள் விழுந்தது அதற்கு முந்திய ஆண்டு. பேச்சும் நடையும் குறைந்துவிட்ட அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் நாட்களில் பராமரிப்பது கடினமாக இருந்ததால், கருப்பையை எடுத்துவிடலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 10-ஆவது பிரிவு, அவரவர் விளங்கிக்கொண்டு தாமே கொடுக்கும் சம்மதம் இல்லாமல், மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்கிறது. இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், உள்ளாடையாகவே அணியும் நாப்கின் என்று வேறு வழிகளை மகளிர் மருத்துவர் எடுத்துச் சொன்னார். அந்தத் தாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அவளுக்கு வலிக்குதான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?" என்று என்னிடம் கேட்டார். முகம் சுளிப்பது, ஒரு கையை வயிற்றின் மேல் வைப்பது, சாப்பாட்டைத் தள்ளுவது என்று அவர் கவனித்தவற்றை நோட்டில் எழுதச் சொன்னேன். மூன்றாவது மாதம் தேதிகள் பொருந்தின.

மருத்துவமனையில் நான் இருந்த முதல் வாரத்தில் ஒரு செவிலியர் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் யாராவது அடித்தார்களா என்று தனியாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அடிபட்ட பெண்களில் பலர் சொல்வார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். கழுத்தை நெரிப்பதும் தலையைச் சுவரில் மோதுவதும் இதே மூளைக்காயத்தைத் தருகின்றன, அதுவும் திரும்பத் திரும்ப. அப்படி இருப்பவர்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். மனச்சோர்வுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேச முடியும். இந்தியில் அழத் தெரியாத எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

எண்டோகிரைனாலஜிஸ்ட் எனக்கு ஒரு அட்டை எழுதிக்கொள்ளச் சொன்னார்: இவருக்குக் கார்டிசால் சுரப்பதில்லை, மயங்கி விழுந்தால் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உடனே போடவும். மகள் அதைத் தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, லேமினேட் செய்து, என் ரயில் பாஸின் பின்னால் செருகி வைத்தாள். என்னை அன்று ஆட்டோவில் ஏற்றிய இரண்டு பெண்களிடமும் அது எங்கே இருக்கிறது என்று காட்டியிருக்கிறேன். குடையை இப்போது பையில் போட்டுக்கொண்டு மழைக்கோட்டு அணிகிறேன். படியிறங்கும்போது ஒரு கை சும்மா இருக்க வேண்டும்.